யார் யாரோடு உட்காரப் போகிறார்கள்?

குடும்பத்தோடு ஆட ஒரு விளையாட்டு வாங்கலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மூலையில் அச்சிட்டிருக்கும் வயதை. 8+ என்று இருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணை அவ்வளவு தூரம் நம்ப வேண்டாம். சில பெட்டிகளில் அது பாதுகாப்புக் குறிப்பு. சிலவற்றில் விதிகளைத் தானே படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வயது. இன்னும் சிலவற்றில் வெறும் உத்தேசம். எட்டு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் அரை மணி நேரம் சுவையாகப் போகுமா என்பதை எந்தப் பெட்டியும் சொல்லாது.

ஆகவே வயதைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேளுங்கள்: இதை யார் யாரோடு ஆடப் போகிறார்கள்? பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் பாட்டியும் பேத்தியும் மட்டும் இருக்கிறார்களா? ஞாயிறு மாலையில் அப்பாவும் பத்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளும் உட்காரப் போகிறார்களா? பொங்கலுக்கு அத்தை குடும்பமும் சித்தப்பா குடும்பமும் வந்து பன்னிரண்டு பேர் கூடத்தில் நிறையும்போது வேண்டுமா? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு விளையாட்டுகள் வேண்டும். ‘எல்லாருக்கும் ஆகும்’ என்று ஒரே பெட்டியை வாங்கினால் கடைசியில் அது பீரோவின் மேல்தட்டுக்குத்தான் போகிறது. அடிக்கடி ஒன்றாக இருக்கும் இருவரை, அல்லது மூவரை, மனதில் வைத்து வாங்குங்கள். மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

ஆள் முடிவானபின், அந்த ஆட்டம் அவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். கண் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும்? விரல் எவ்வளவு நுணுக்கமாக அசைய வேண்டும்? படிக்கத் தெரிய வேண்டுமா, எந்த மொழியில்? தன் முறை வரும்வரை எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும்? தோற்கத் தொடங்கிவிட்டால் எவ்வளவு நேரம் தோற்றுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்?

நம் வீடுகளில் மொழிக் கேள்விதான் முதலில் வருகிறது. வெளிநாட்டு ஆட்டங்கள் பலவற்றில் ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு வரி ஆங்கிலம் இருக்கும். பேரன் படித்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லத் தாத்தா ஆடுவது என்றால், அவர் கையில் இருக்கும் அட்டை ரகசியமாக இருக்காது. கொஞ்ச நேரத்தில் ‘நீங்க ஆடுங்கப்பா, நான் பார்க்கிறேன்’ என்று நகர்ந்துவிடுவார். நிறம், வடிவம், எண் இவற்றை மட்டும் வைத்து ஆடும் ஆட்டங்களில் இந்தச் சிக்கல் இல்லை. க்விர்க்கிள் அப்படிப்பட்டது: ஆறு நிறம், ஆறு வடிவம், மொத்தம் 108 மரவில்லைகள், ஒரு எழுத்துகூட இல்லை. பிளோகஸ், டாபிள், ஊனோ ஆகியவையும் அப்படியே. ரம்மிகப் 106 எண்வில்லைகளைக் கொண்டது. சீட்டில் ரம்மி ஆடிப் பழகிய பெரியவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளிலும் வில்லைகளுக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

அதிர்ஷ்டம் எவ்வளவு, யோசனை எவ்வளவு

வயது வித்தியாசம் அதிகமுள்ள இருவர் ஆடும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். யோசனையால் மட்டுமே வெல்லும் ஆட்டத்தில் பெரும்பாலும் பெரியவரே ஜெயிப்பார். அதிர்ஷ்டத்தால் மட்டுமே வெல்லும் ஆட்டத்தில் பெரியவருக்கு மூன்றாவது நாளே சலித்துவிடும். இடையில் எங்கே நிற்பது என்பதே தேர்வு.

இதற்கு அளவுகோல் தேடி எங்கும் போக வேண்டாம். நம் வீட்டு ஆட்டங்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுவது. கட்டை விழுந்தபடி காய் நகரும். ஏணியும் பாம்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆடுகிறவர் முடிவெடுக்க அதில் எதுவும் இல்லை. அதனாலேயே நான்கு வயதுக் குழந்தை எண்பது வயதுக் கொள்ளுப்பாட்டியை உண்மையாகவே ஜெயிக்க முடிகிறது.

அடுத்தது தாயம். இதிலும் கட்டைதான் எண்ணைத் தருகிறது. ஆனால் எந்தக் காயை நகர்த்துவது என்பது உங்கள் முடிவு. வெட்டப் போவதா, மலையில் ஏறிப் பத்திரமாக உட்காருவதா, பழமாக இன்னும் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுவதா? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதால், பின்தங்கியவர் ஒரே வீச்சில் முன்னால் வந்துவிடவும் வழி உண்டு. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து ஆட இதைவிடச் சமநிலையான ஆட்டம் சொல்வது கடினம். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்தால் செலவே இல்லை. பித்தளைக் கட்டையை இரு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிவிடுவதால், சிறு பகடையை விரல்நுனியில் பிடிக்கச் சிரமப்படும் பாட்டிக்கும் அது எளிது. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். வெட்டினால்தான் பழம் ஏறலாம் என்பது சில வீட்டில் உண்டு, சில வீட்டில் இல்லை. தொடங்குமுன் பேசி முடிவு செய்துவிடுங்கள். அழுகுணி ஆட்டம் என்று வரும் சண்டைகளில் பாதி, பேசாத விதியால் வருவதுதான்.

பல்லாங்குழியில் அதிர்ஷ்டம் என்பதே கிடையாது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று வைத்தால் எழுபது முத்து. எல்லாம் கண்முன்னே கிடக்கின்றன. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எண்ணத் தெரிந்தவருக்கு வெற்றி. ஆனால் சுற்றிச் சுற்றி வந்து விழும் அந்த விநியோகத்தைப் பெரியவர்களாலும் முழுதாக மனதில் ஓட்டிப் பார்க்க முடிவதில்லை. அதனால் எட்டு வயதுப் பிள்ளை வெல்லும் ஆட்டங்கள் நிறையவே அமையும். நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வதற்காகக் குழந்தைகள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்று இரண்டு எண்ணப் பழகவும், தன் கை ஓய்ந்திருக்கும்போதும் ஆட்டத்தைக் கவனிக்கவும் இதில் தானாகவே பயிற்சி கிடைக்கிறது.

ஆடு புலி ஆட்டம் இந்த வரிசையில் தனி இடம் பெற வேண்டியது. இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு பக்கமும் ஒரே படையோடு மோதும் சதுரங்கத்தைப் போலில்லாமல், இங்கே இருவருக்கும் வேலையே வேறு. புலி தாண்டி வெட்ட வேண்டும். ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முதலில் புலியைக் கொடுங்கள். எந்த ஆட்டை வெட்டலாம் என்று தேடுவது கண்ணுக்கு உடனே புரியும் வேலை. ஆட்டுப் பக்கம் கடினம். ஒரு புள்ளி ஓட்டை விட்டாலும் போச்சு. புலியாக நன்றாக ஆட வந்தபின் பக்கத்தை மாற்றுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அது புது ஆட்டமாகவே இருக்கும். ஒரே பலகையில் இரண்டு படிநிலை கிடைப்பது வேறெங்கும் எளிதில் அமையாத வசதி.

மறுமுனையில் சதுரங்கம். மாமல்லபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்ததும், சென்னையின் குகேஷ் 2024-இல் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதும், தமிழ்நாட்டில் சதுரங்கப் பலகை இல்லாத வீட்டிலும் அதை வாங்க வைத்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அதிர்ஷ்டம் துளியும் இல்லாத ஆட்டம் இது. வகுப்புக்குப் போய்வரும் பத்து வயதுப் பிள்ளையிடம் அப்பா தொடர்ந்து தோற்பார். போகாத தம்பி அக்காவிடம் தொடர்ந்து தோற்பான். குடும்ப ஆட்டமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கொஞ்சம் சரிக்கட்ட வேண்டும்.

தோற்றுக்கொடுக்க வேண்டாம், சரிக்கட்டுங்கள்

சிறுபிள்ளை அழக்கூடாதென்று வேண்டுமென்றே தோற்கும் பெரியவர்கள் நிறைய. அன்பில் செய்வதுதான், ஆனாலும் விட்டுவிடச் சொல்வேன். பிள்ளைகள் சீக்கிரமே இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்தபின் அவர்கள் உண்மையில் ஜெயித்த ஆட்டத்தையும் நம்ப மாட்டார்கள். தெருவில் அண்ணன்மாரோடு ஆடும்போது ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட குழந்தைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும்.

அதற்குப் பதில், ஆட்டம் தொடங்குமுன் எல்லார் முன்னிலையிலும் ஒரு சலுகையை அறிவியுங்கள். அதன்பின் முழுமூச்சாக ஆடுங்கள். கிழக்காசியாவின் கோ ஆட்டத்தில் இது முறையான விதியாகவே இருக்கிறது: திறமை குறைந்தவர் ஒன்பது கல் வரை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. சதுரங்கத்தில் பெரியவர் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடலாம்; பிள்ளை மூன்று முறை ஜெயித்தபின் ராணியைத் திரும்ப வைத்து யானையை எடுத்துவிடலாம். கடிகாரம் இருந்தால் பிள்ளைக்குப் பத்து நிமிடம், தனக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கேரமில் சிறியவருக்கு ஒரு அடி தவறினால் இன்னொரு அடி உண்டு என்று வைக்கலாம். பல்லாங்குழியில் பெரியவர் எண்ணிப் பார்க்காமல் உடனே எடுக்க வேண்டும் என்றால் போதும். சலுகை படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதைப் பிள்ளையே பார்க்கிறதே, அது எந்தப் பரிசையும்விட அதற்குப் பிடிக்கும்.

இன்னொரு வழி, எல்லாரும் ஒரே அணியாக ஆட்டத்தையே எதிர்த்து ஆடுவது. ஜெர்மனியில் 1986-இல் வந்த ‘பழத்தோட்டம்’ என்ற ஆட்டத்தில் குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து, காக்கை வருவதற்குள் பழங்களைப் பறித்துவிட வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குப் பேண்டமிக் (2008) இருக்கிறது. நால்வர் சேர்ந்து உலகெங்கும் பரவும் நோய்களைத் தடுப்பது. இந்த வகையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விவரம் தெரிந்த ஒருவர் மற்றவர்களின் முறையையும் தானே ஆடிவிடுவார். ‘கேட்டால் மட்டும் யோசனை சொல்லலாம்’ என்று முதலிலேயே விதி போட்டுவிடுங்கள்.

மூன்று வயதுக்குள்

இங்கே பாதுகாப்பு மட்டுமே பேச்சு. சுமார் 3 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் இந்த வயதுக்கு ஆகாது. சோழி, புளியங்கொட்டை, பகடை, கேரம் காய் எல்லாமே அதில் வரும். அக்காவின் பல்லாங்குழி முத்துகளை மூடி போட்ட டப்பாவில் உயரத்தில் வையுங்கள். முத்தாகக் குன்றிமணியை எந்த வீட்டிலும் பயன்படுத்த வேண்டாம். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதை நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி அல்லது சோழி வாங்குங்கள். கேரமுக்குப் போடும் போரிக் பவுடரும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. ஆடி முடித்ததும் பலகையைத் துடைத்துக் கையைக் கழுவ வேண்டும். பொத்தான் பேட்டரியும் சிறு காந்தமும் உள்ள பொம்மைகளைத் தவிர்த்துவிடுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பெட்டியில் பார்த்து வாங்குங்கள். இந்த வயதுக்குக் கைப்பிடிக் குமிழ் வைத்த நாலைந்து துண்டு மரப் புதிர் போதும்.

நான்கிலிருந்து பத்து வரை

நான்கு, ஐந்து வயதில் ஏணியும் பாம்பும்தான் சரியான தொடக்கம். வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வறிய குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை, 1 முதல் 10 வரை எண் எழுதிய நேர்க்கோட்டுப் பலகையில் இரண்டு வாரத்துக்குள் சில சிறு அமர்வுகள் ஆட வைத்தார்கள். எண்களை அடையாளம் காண்பதிலும் எது பெரிது என்று சொல்வதிலும் அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் போட்ட பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே காயை நகர்த்தும்போது கட்டத்தில் இருக்கும் எண்ணையே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். 14-இல் காய் இருக்கிறது, மூன்று விழுந்தது என்றால் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணாமல் ‘பதினைந்து, பதினாறு, பதினேழு’ என்று நகர்த்தட்டும்.

ஜோடி சேர்க்கும் அட்டைகள் இந்த வயதின் இன்னொரு நல்ல ஆட்டம். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒரே படமுள்ள இரண்டைத் தேடித் திருப்ப வேண்டும். எந்தச் சலுகையும் இல்லாமல் பெரியவர்களை வெல்லும் குழந்தைகள் இங்கேதான் அதிகம். டாபிளும் அப்படித்தான். 55 அட்டை, ஒவ்வொன்றிலும் எட்டுப் படம். எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் பொதுவாக ஒரே ஒரு படம் இருக்கும். அதை முதலில் பார்த்துச் சொன்னவருக்கு அட்டை. ஒரு சுற்று ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதால் தோல்வி நீடிப்பதில்லை.

ஏழிலிருந்து பத்துக்குள் தாயம், பல்லாங்குழி, ஆடு புலி, கேரம், பிளோகஸ், க்விர்க்கிள் எல்லாம் ஆகும். மோனோபலியையும் அதன் சாயலில் வரும் பிசினஸ் ஆட்டத்தையும் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அதன் மூல வடிவத்துக்கு 1904-இல் காப்புரிமை பெற்ற லிசி மேகி, நிலத்தைப் பிடித்துவைத்து வாடகை வாங்குகிறவர் மற்றவர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறார் என்று காட்டவே அதை உருவாக்கினார். அந்த நோக்கம் ஆட்டத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. முதலில் பணம் தீர்ந்த பிள்ளை வெளியே போய்விடும். மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே போன பிள்ளைதான் பெரும்பாலும் கடைக்குட்டி. வாங்கியே ஆக வேண்டுமென்றால் ‘ஒரு மணி நேரம் ஆனதும் நிறுத்தி, யாரிடம் சொத்து அதிகம் என்று எண்ணிப் பார்ப்போம்’ என்று விதி மாற்றி ஆடுங்கள். வேறு எந்தப் பெட்டியை வாங்கும்போதும், ஆட்டம் முடியுமுன் யாராவது வெளியேற வேண்டியிருக்குமா என்று விசாரியுங்கள்.

வளரிளம் பிள்ளைகள்

பதிமூன்று, பதினான்கு வயதுக்காரர்களைக் குடும்ப ஆட்டத்துக்கு இழுத்து உட்காரவைக்க முடியாது. அவர்களுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தால் வருவார்கள். புது ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை முதல் நாளே அவர்கள் கையில் கொடுத்து, மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் வேலையை ஒப்படையுங்கள். கேட்டன் (1995) அவர்களுக்குப் பிடிக்கும். மூன்று அல்லது நான்கு பேர் பண்டமாற்றுப் பேரம் பேசி ஊர் அமைக்கும் ஆட்டம். டிக்கெட் டு ரைட் (2004) இரண்டிலிருந்து ஐந்து பேர் ரயில் பாதை போடுவது. விதி எளிது, ஆனால் பலகையில் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இவையெல்லாம் விலை கூடியவை. நண்பர் வீட்டில் ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. தனியாக இருக்க விரும்பும் பிள்ளைக்கு ரூபிக் கனசதுரமும் சுடோகுவும் தோழமை. அதையும் மதியுங்கள், எல்லா விளையாட்டும் கூட்டமாக ஆட வேண்டியதில்லை.

தாத்தா பாட்டிக்கு

வயதானவர்களுக்கு என்று வாங்கும்போது, அவர்கள் அறிவுக்கு எட்டுமா என்று யோசிப்பதைவிட, உடம்புக்கு இசைவாக இருக்குமா என்று பாருங்கள். தாயத்திலும் ஆடு புலியிலும் நம்மைத் திணறடிக்கக்கூடியவர்கள், முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாததாலேயே ஆட்டத்தை விட்டிருப்பார்கள். தாயக் கட்டத்தைக் கெட்டியான அட்டையில் தடித்த கோடாக வரைந்து மேசைமேல் வையுங்கள். கண்புரை உள்ளவருக்கு வெளிச்சம் பின்னாலிருந்து தோள் வழியாக வர வேண்டும். பளபளப்பான அட்டை கூசும். ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், பலர் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. நிறத்தோடு வடிவத்தாலும் வேறுபடும் காய்களாகப் பார்த்து வாங்கினால் யாரும் எதையும் சொல்ல வேண்டிவராது. கை நடுங்குகிறவருக்கு மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா வேண்டாம். அது கையின் நிதானத்தை மட்டுமே சோதிக்கிறது.

கேரம் பலரும் நினைப்பதைவிட முதியவர்களுக்கு ஏற்றது. முழு அளவுப் பலகை, ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், வாங்கி ஸ்டாண்டில் வைத்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆடலாம். சிறுவர்களுக்கென்று விற்கும் சின்னப் பலகையில் பெரியவர்களின் கை இடிக்கும், காய்களும் சரியாக ஓடாது. நால்வர் இரண்டு அணியாகப் பிரியும்போது தாத்தாவையும் கடைக்குட்டியையும் ஒரே அணியில் போடுங்கள். கோணம் தாத்தா சொல்ல, அடி பேரன் அடிக்க, ரெட்டுக்கு ஃபாலோ விழுந்துவிட்டால் அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இவையெல்லாம் மறதி நோயைத் தடுக்கும் என்று விற்பனைக்காகச் சொல்வதுண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. பலகை ஆட்டம், வாசிப்பு, இசைக்கருவி, நடனம் இவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது என்று அதில் தெரிந்தது. ஆட்டத்தால்தான் நோய் வரவில்லை என்று அது நிறுவவில்லை. மூளை நன்றாக இருப்பவர்கள் அதிகம் ஆடியிருக்கவும் கூடும். மருந்தாக நினைத்துப் பெரியவரை வற்புறுத்தாதீர்கள். பிடித்தால் ஆடட்டும்.

மறதி தொடங்கிவிட்டவருக்கு, துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் ஜிக்சா புதிர் வாங்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். துண்டுகள் குறைவாக, பெரிதாக இருக்க வேண்டும். இருபத்து நான்கு துண்டு போதுமானது, சிலருக்குப் பன்னிரண்டே போதும். ஆனால் படம் பெரியவர்களுக்கானதாக இருக்க வேண்டும். பொம்மைக் கரடி படத்தை முன்னால் வைத்தால், தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிடும். கோயில் கோபுரம், காய்கறிச் சந்தை, பழைய ரயில் எஞ்சின், மல்லிகைக் கூடை போன்றவை நல்லவை. குடும்பப் புகைப்படத்தைக் கொடுத்தால் ஜிக்சாவாக வெட்டித் தரும் அச்சகங்கள் இருக்கின்றன. ‘இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று பரீட்சை வைக்கக் கூடாது. ‘இது சித்தி கல்யாணம் இல்ல?’ என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். ஒரு துண்டைத் தவறான இடத்தில் வைத்தால் வைத்தபடியே இருக்கட்டும்.

ஜிக்சா: எல்லா வயதும் ஒரே மேசையில்

வயது கலந்த வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்கச் சொன்னால் நான் ஜிக்சாவைத்தான் சொல்வேன். அதில் முறை இல்லை, காத்திருப்பும் இல்லை, தோற்பவரும் இல்லை. போகிறபோக்கில் அம்மா இரண்டு துண்டு பொருத்திவிட்டுப் போகலாம். தேர்வுக்குப் படிக்கும் அக்கா பத்து நிமிடம் வந்து உட்காரலாம். வேலையும் தானாகவே வயதுக்குத் தக்கபடி பிரிந்துவிடும். நேர் விளிம்புள்ள துண்டுகளைப் பொறுக்குவது ஆறு வயதுக்காரருக்கு. நிறவாரியாகக் கிண்ணங்களில் பிரிப்பது ஒன்பது வயதுக்காரருக்கு. சேலைக் கரை, கோலம், சிற்பம் போன்ற நுணுக்கப் பகுதிகள் பாட்டிக்கு. வெறும் நீல வானம் மட்டும் பொறுமைசாலி யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கென்று வாங்கினால் தோராயக் கணக்கு இது: மூன்று, நான்கு வயதுக்கு 12 முதல் 24 துண்டு, ஐந்து, ஆறுக்கு 50 வரை, எட்டுக்கு 100, பத்துக்கு மேல் 200, 300, பதிமூன்றிலிருந்து 500. பழகிய பெரியவர்களுக்கு 1000. குடும்பமாகச் சேர்ந்து முதல் முறை என்றால் 300-இல் தொடங்குங்கள். 1000-இல் தொடங்கிப் பாதியில் மூடிய வீடுகள் பல. எண்ணிக்கையைவிடப் படம் முக்கியம். பல நிறம், பல பொருள் உள்ள 500 துண்டு, கடலும் வானுமான 300 துண்டைவிடச் சுலபம். ஜிக்சா பிறந்ததே வரைபடத்திலிருந்து. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760-களில் மரப்பலகையில் ஒட்டிய நாட்டுப்படங்களை எல்லைவாரியாக அறுத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். இன்றும் மாநிலவாரியாகப் பிரிந்த இந்திய வரைபடப் புதிர் எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல பரிசு.

வைக்கும் இடத்தை வாங்குமுன்னே யோசிக்க வேண்டும். 1000 துண்டுப் படம் முடிந்தால் சுமார் 70 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் வரும். தினமும் பெருக்கித் துடைக்கும் தரையில் அதை ஒரு வாரம் விட்டுவைக்க முடியாது. மூன்றடிக்கு இரண்டரை அடி பிளைவுட் ஒன்று வாங்கி அதன்மேல் அடுக்குங்கள். இரவில் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

கூட்டம் கூடும் நாளில்

பெரும்பாலான பெட்டிகள் நான்கு பேரோடு நின்றுவிடும். பன்னிரண்டு பேருக்குத் தம்போலா நல்லது. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரிசையில் பதினைந்து எண், அழைப்பது 1 முதல் 90 வரை. எண் படிக்கத் தெரிந்த யாரும் ஆடலாம், அழைப்பவர் வேலையைக் குரல் வளமுள்ள மாமாவுக்குக் கொடுத்தால் இன்னும் களைகட்டும். எண்ணைத் தமிழிலும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள். படப் பெயரை நடித்துக் காட்டும் ஆட்டத்துக்குப் பெட்டியே தேவையில்லை; பாட்டி காலத்துப் படமும் பேத்தி காலத்துப் படமும் கலந்து வரும்படி சீட்டு எழுதிப் போடுங்கள், ஒரே தலைமுறை எல்லாவற்றையும் ஜெயித்துவிடாது.

வாங்கியபின்

முதல் ஆட்டத்தை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம். எல்லாரும் கையில் உள்ளதைத் திறந்துவைத்து, பேசிக்கொண்டே ஒரு சுற்று ஆடுங்கள். விதியை வாசித்துக் காட்டுவதைவிட வேகமாகப் புரியும். வீட்டில் நீங்கள் மாற்றிக்கொண்ட விதிகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள். காய்களை எண்ணி, எண்ணிக்கையை அதே தாளில் குறியுங்கள். காய் தொலைந்தால் சட்டைப் பொத்தான் போதும், ஜிக்சாவில் துண்டு தொலைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் துண்டுகளை ஜிப் வைத்த பையில் போட்டு, அந்தப் பையைப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஓராண்டாக வெளியே வராத பெட்டியை, பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிடலாம். கொடுக்குமுன் உட்கார்ந்து காய்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். விதித்தாள் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள்.